விளாவிய வெந்நீர்

மற்றவர்கள் ஒருவரைச் சந்தித்தால் முகத்தைப் பார்ப்பார்கள். நான் கண்வெள்ளையைப் பார்ப்பேன். தொழில் கொடுத்த பழக்கம். பேசிக்கொண்டிருப்பவரின் கீழிமையை இழுத்துப் பார்த்துவிடலாமா என்று கை துறுதுறுக்கும். என்னைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை ஒருவரையும் அப்படித்தான் உற்றுப் பார்த்தேன். அவர் வேறு மாதிரி அர்த்தம் எடுத்துக்கொண்டு காது வரை சிவந்துவிட்டார். கண் சுத்தமான வெள்ளை, ஈரலில் ஒரு குறையும் இருந்திருக்காது. அந்தச் சம்பந்தம் கூடாமல் போனதற்கு ஈரல் காரணமில்லை.

தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையில் ஒரு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் வைரஸ்கள்தான் என் பாடம். அவற்றில் சில ரத்தத்தின் வழியாகப் பரவும், சில தண்ணீரின் வழியாக. தண்ணீரில் வருவதில் ஒன்றுக்குக் கொஞ்ச காலம் முன்புதான் பெயர் வைத்திருந்தார்கள். ஏ, பி என்று போகிற வரிசையில் ‘ஈ’ வகை. பெரும்பாலானவர்களுக்கு அது வந்தால் சில வாரம் சோர வைத்து, கண்ணை மஞ்சளாக்கிவிட்டுத் தானாகப் போய்விடும். நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணிக்கு வந்தால் மட்டும் கொல்லப் பார்க்கும். ஏன் அவர்களை மட்டும் இப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் முழுசாகத் தெரியாது. தெரியும் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

அந்த வைரஸை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்களிடம் இருந்த எந்த மைக்ராஸ்கோப்பிலும் அது தெரியாது. அது வந்த தடம் ரத்தத்தில் இருக்கும், அதைத்தான் தேடுவோம். உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதில் வரிசையாகக் குட்டிக் குழிகள். குழிக்கு ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர். என்னென்னவோ ஊற்றி, கழுவி, காத்திருந்து, கடைசியில் அமிலம் ஒரு சொட்டு விட்டால் தடம் உள்ள குழி மஞ்சளாகும். மற்றவை வெறும் தண்ணீராக நிற்கும். மஞ்சள் நோய்க்கு மஞ்சளே வந்து சாட்சி சொல்வதை முதல் தடவை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. எத்தனையோ தட்டுகளுக்குப் பிறகும் அந்தப் புல்லரிப்பு தீரவில்லை. “தட்டு முன்னால சாமி கும்பிடுத மாதிரில்லா நிக்கிய!” என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். கும்பிட்டிருந்தாலும் தப்பில்லை.

ஐப்பசியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்து, கரையோரத் தெருக்களுக்குள் புகுந்து வடிந்த ஆண்டு அது. மார்கழி பாதியிலிருந்து எங்கள் வார்டில் மஞ்சள் கண்கள் சேர ஆரம்பித்தன. அநேகம் பேர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரே ஊர்க்காரர்கள். தை பிறப்பதற்குள் அந்த ஊரிலிருந்து வந்த ஒரு கர்ப்பிணி எங்கள் கண்முன்னாலேயே இறந்துபோனாள். அவளுக்கு அடுத்தாற்போல் வந்தவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

நாங்குநேரியில் வாழ்க்கைப்பட்டவள். வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த இடத்தில் காமாலை. இரண்டு கையிலும் கை நிறையக் கண்ணாடி வளையல். குளுக்கோஸ் ஏற்றுவதற்காக நர்ஸ் வளையலைக் கழற்றப் போனபோது அவளுடைய அம்மா குறுக்கே வந்துவிட்டாள்.

“பிள்ள பொறக்க முந்தி கழத்தக் கூடாதும்மா. ஒரு கையிலயாவது கெடக்கட்டும், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

இடது கை எங்களுக்கு, வலது கை அவளுக்கு என்று ஒப்பந்தம் ஆனது.

ஈரல் சோர்ந்துபோனால், அது அகற்ற வேண்டிய நஞ்சு மூளை வரைக்கும் போய்விடும். பெண் பகலெல்லாம் தூங்கினாள். உலுக்கினால் விழித்து, அம்மாவைப் பார்த்து “மாமி” என்றாள். விஷயம் எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறது என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தச் சொல்வதைப்போலக் கையை நீட்டி, உள்ளங்கையை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்வோம். மூளையில் நஞ்சு ஏறியிருந்தால் கை அப்படியே நிற்காது. மணிக்கட்டு விட்டுவிட்டுத் தொய்ந்து அடித்துக்கொள்ளும். அவள் வளையல் கையை நீட்டினாள். கை அடித்துக்கொண்டது. வளையல்கள் கிணுகிணு என்று சத்தம் போட்டன. கல்யாண வீட்டில் கேட்கிற அதே சத்தம். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்த நாங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

மறுநாள் கையை நீட்டச் சொன்னபோது அவளுக்குக் காதில் விழவில்லை.

அம்மாக்காரி வாழைத்தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவள். அழுகிற ஜாதி இல்லை. என் வெள்ளைக் கோட்டைப் பிடித்து நிறுத்தி நேராகக் கேட்டாள்.

“இவளுக்கு மருந்து இருக்கா, இல்லையா? உள்ளதச் சொல்லுங்க.”

இல்லை என்றேன். ஈரல் தானாகப் பிழைத்து எழ வேண்டும், நாங்கள் சுற்றி நின்று காவல் காக்கலாம், அவ்வளவுதான். ஈரல் அப்படி எழக்கூடியது, பாதி அழிந்தாலும் மறுபடி வளரக்கூடியது என்றும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

“சரி. அப்பம் சின்னவளயாவது காப்பாத்துங்க. அவளும் மாசமாத்தான் இருக்கா. உள்ளூர்லதான் கெட்டிக் குடுத்துருக்கு. அக்கா வந்ததுலேருந்து அவளுக்கும் சாப்பாடு தண்ணி எல்லாம் எங்கிட்டதான்.”

அதே வீடு, அதே சமையல், இன்னொரு கர்ப்பிணி. பெரியவளுக்கு எங்களால் செய்ய முடிந்தது கொஞ்சம். சின்னவளை நோய் அண்டாமல் காக்க முடியும். அதற்கு நோய் எந்த வழியாக அந்த வீட்டுக்குள் நுழைந்தது என்று தெரிய வேண்டும்.

அங்கேதான் முட்டிக்கொண்டு நின்றோம். வெள்ளம் வடிந்த மறுவாரமே ஆட்டோவில் மைக் கட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தெருத்தெருவாகச் சொல்லியிருந்தார்கள். பெரியவள் அம்மா வீட்டுக்கு வந்ததே அதற்குப் பிறகுதான்.

“வெந்நி போட்டுத்தாம்மா குடுக்கேன். ஒரு நாளு ஒரு பொழுது விட்டதில்ல. அதுலயும் புள்ளத்தாச்சியளுக்கு வேற தண்ணியே கெடையாது” என்றாள் அம்மாக்காரி. அந்த ஊரிலிருந்து வந்த மற்றவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

எங்கள் துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அப்படியானால் தண்ணீர் இல்லை. வேறு எதையாவது தேடுங்கள்” என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. தட்டில் அந்த ஊர்க்காரர்களின் குழிகள் எல்லாம் மஞ்சளாகி நிற்கின்றன. தண்ணீரில் வருகிற வைரஸ், தண்ணீர் இல்லாமல் எப்படி வரும்? ஒன்று வைரஸ் பொய் சொல்ல வேண்டும், இல்லையென்றால் ஊர் பொய் சொல்ல வேண்டும். ஊர்தான் புளுகுகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்ற கோபத்தில் கிளம்பினேன்.

அம்மாக்காரி துணி மாற்றவும் சின்னவளுக்குச் சமைக்கவும் ஊருக்குப் போனாள். நானும் அவளோடு திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். தைப்பூச சமயம், பஸ் முழுக்கப் பச்சை வேட்டி. என் மடியில் ஒரு பெரிய பிளாஸ்க்.

“என்ன டாக்டரம்மா, காப்பியா?” என்றார் கண்டக்டர்.

“போகும்போது ஐஸ். திரும்பும்போது ரத்தம்” என்றேன்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி பைய எழுந்து பின்னால் போய்விட்டார். அம்மாக்காரிக்கு வார்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது.

ஊருக்குள் இறங்கியதும் குழாயைப் பார்த்தேன். தண்ணீர் மேலே ஏறவில்லை என்று தெருக்காரர்களே குழாயைத் தரைக்குக் கீழே வெட்டி, சுற்றிலும் குழி தோண்டி, அதற்குள் இறங்கிக் குடத்தை வைத்துப் பிடித்தார்கள். எட்டி உதைத்தால் படுகிற தூரத்தில் சாக்கடை. தண்ணீர் நின்ற நேரத்தில் குழியில் தேங்கிய கசடு குழாய்க்குள்ளேயே திரும்பிப் போகும். நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, குடத்தோடு நின்ற ஒருவருக்குப் பொறுக்கவில்லை.

“எங்க ஆத்துத் தண்ணியவா கொற சொல்லுதிய? பொதிகையிலேருந்து வருததுல்லா இது!”

“ஆத்தச் சொல்லல அண்ணாச்சி, குழியத்தான் சொன்னேன்” என்றேன். நானும் ஆற்றங்கரைக்காரிதான். எங்கள் தண்ணீரை வெளியூர்க்காரர் யாராவது குறை சொன்னால் நானும் சண்டைக்குப் போவேன்.

வைரஸ் எங்கே குடியிருக்கிறது என்பதில் இனி சந்தேகம் இல்லை. ஆனால் குழாயிலிருந்து குடத்துக்கும் குடத்திலிருந்து வாய்க்கும் வருகிற வழியில் அடுப்பு இருக்கிறதே! கொதிக்கிற தண்ணீரை அது தாண்டி வர முடியாது. அதனால் அடுப்புப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டேன்.

சின்னவள் வாசல் நிலையில் சாய்ந்து புளியங்காய் கடித்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பற்றிக் கேட்டாள். சொன்னதும் கடிப்பதை நிறுத்தினாள். அவள் கண்வெள்ளையைப் பார்த்தேன். வெண்மைதான். அவளிடமிருந்து ரத்தம் எடுத்து ஐஸில் வைத்தேன்.

அம்மாக்காரி விறகை மூட்டி, குடத்திலிருந்து பானைக்குத் தண்ணீர் மொண்டு வைத்தாள். நான் புளுகு எங்கே வெளிப்படுகிறது என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தேன். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. அதற்கு மேலும் கொதிக்க விட்டாள். பரீட்சை வைத்தால் முழு மதிப்பெண் போட வேண்டிய கொதி. பொய்யே இல்லை. என் கோபமெல்லாம் புகையோடு போய்விட்டது, குழப்பம் மட்டும் மிஞ்சியது.

“வெயில்ல வந்திருக்கிய. தண்ணி குடிங்க” என்று செம்பை நீட்டினாள். வாங்கி இரண்டு மிடறு குடித்தேன். பதமான வெதுவெதுப்பு, தொண்டைக்கு இதமாக இருந்தது. தண்ணீர் தொண்டைக்குள் இறங்கிய பிறகுதான் விஷயம் மூளைக்கு ஏறியது.

இப்போதுதானே கொதித்தது? இது எப்படி வெதுவெதுப்பாக இருக்கிறது?

நிமிர்ந்து பார்த்தேன். அம்மாக்காரி சின்னவளுக்கு விளாவிக்கொண்டிருந்தாள். செம்பில் பாதி கொதிநீர். மீதிக்கு, பக்கத்துக் குடத்திலிருந்து பச்சைத்தண்ணீர். விரலை விட்டுச் சூடு பார்த்தாள். போதவில்லை என்று இன்னும் ஒரு கை பச்சைத்தண்ணீர் விட்டாள்.

“புள்ளத்தாச்சிக்குச் சூடு ஆகாதுல்லா. இவளுவளுக்கு மட்டும் நல்லா விளாவித்தான் குடுக்கது” என்றபடி செம்பைச் சின்னவளிடம் கொடுத்தாள்.

நான் பாய்ந்து சின்னவள் கையிலிருந்த செம்பைப் பிடுங்கினேன். தண்ணீர் மூன்று பேர் மேலும் கொட்டியது. பிடுங்கிய வேகத்தில் நான் சொன்ன வார்த்தைகள் படித்தவர்கள் சொல்லக் கூடியவை இல்லை.

பிறகு அங்கேயே அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பயமும் வியப்பும் ஒன்றாக வந்தன, வியப்புதான் பெரிதாக இருந்தது. ஒரு ஊரே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. எல்லாரும் கொதிக்கத்தான் வைத்தார்கள். விளாவுவதை யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அது ஒரு செயல் என்றே யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை! என் வீட்டில் தினமும் அப்படித்தான் குடிக்கிறேன். குளிக்கிற வெந்நீர், குடிக்கிற வெந்நீர் எல்லாம் எங்கள் பக்கத்தில் விளாவியதுதான். வெந்நீர் என்றாலே எங்களுக்கு விளாவிய வெந்நீர். கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள், அதைப் பிடிப்பதற்கென்றே மூட்டிய நெருப்பைச் சுற்றிக்கொண்டு, எங்கள் கண்ணெதிரிலேயே நடந்த ஒன்றின் வழியாக வந்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு மட்டும் கூடுதல் பிரியத்தோடு கூடுதலாகவே போயிருக்கிறது.

நான் விளக்கிச் சொன்னதும் அம்மாக்காரியின் முகம் செத்துவிட்டது. கையை முந்தானையில் துடைத்தாள். மறுபடியும் துடைத்தாள்.

“அப்பம் எங்கையாலயா குடுத்தேன்?”

“குடத்துத் தண்ணிலதான் இருந்துச்சும்மா. ஒங்க கைல இல்ல” என்றேன். அவளுக்கு அது போதவில்லை. சின்னவள்தான் எழுந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்து முந்தானையிலிருந்து விடுவித்தாள்.

“எம்மா, காப்பிய எப்படிக் குடிப்பிய?” என்று கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்.

“ரெண்டு தம்ளர்ல ஆத்தித்தான்.”

“காப்பி சூடா இருக்குன்னு பச்சத்தண்ணி விடுவியளா?”

“சீ! அதெப்படிக் குடிக்க?”

“தண்ணியவும் அப்படியே ஆத்திக் குடிங்க. ரெண்டு தம்ளர். ஒரு சொட்டு பச்சத்தண்ணி சேரக் கூடாது.”

“தண்ணிய ஆத்திக் குடிக்க ஊரு ஒலகத்துலயே எங்க ஊராத்தான் இருக்கும்” என்றாள் சின்னவள். ஆனால் எழுந்துபோய் இரண்டு தம்ளரை எடுத்து, கொதிநீரை ஊற்றி உயரத் தூக்கி ஆற்ற ஆரம்பித்தாள்.

மறுநாள் தட்டு. பெரியவளின் குழி எலுமிச்சை நிறத்தில் பளீரென்று நின்றது. எதிர்பார்த்ததுதான். அதற்கு அடுத்த குழியையும் பார்த்தேன். அது சின்னவளுடையது. அதுவும் மஞ்சள்.

பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு மறுபடி செய்தேன். மறுபடியும் மஞ்சள். ஆனால் அவளுடைய ஈரல் எப்படி இருக்கிறது என்று காட்டும் மற்றச் சோதனைகள் வேறு கதை சொல்லின. தேறி முடிகிற நிலையில் இருந்தது ஈரல். ஆளனுப்பி விசாரித்தேன். கார்த்திகை கடைசியில் ஒரு வாரம் அவளுக்குச் சோறு பிடிக்கவில்லையாம், குமட்டலாம். மசக்கை இன்னும் விடவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். கண் மஞ்சளாகவே இல்லை. நாங்கள் யாரைக் காப்பாற்றுவதற்காக ஓடினோமோ, அவளிடம் அது எங்களுக்கு முன்பே வந்து, சண்டை போட்டு, தோற்றுப் போய்விட்டிருந்தது. அவளுக்கே தெரியாது.

அன்றைக்கு அந்தத் தட்டின் முன் நின்றதைப்போல நான் எந்தக் கோயிலிலும் நின்றதில்லை. ஒரே அம்மா வயிற்றில் பிறந்தவர்கள். ஒரே குடம், ஒரே அடுப்பு, விளாவிய கை ஒன்று. ஒருத்தி அங்கே புளியங்காய் தின்கிறாள், ஒருத்தி இங்கே கூப்பிட்டால் திரும்பாமல் கிடக்கிறாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அந்தத் தெரியாமை எனக்கு அவமானமாக இல்லை. அது அவ்வளவு பெரிதாக இருந்தது.

மைக் ஆட்டோ மறுபடி கிளம்பியது. விளாவாதீர்கள், ஆற்றிக் குடியுங்கள் என்று இந்தத் தடவை சொன்னார்கள். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள், ஆனால் செய்தார்கள். குழிகளை மூடிக் குழாயை உயர்த்தினார்கள். மாசி போய்ப் பங்குனி வந்தபோது அந்த ஊரிலிருந்து புதிய மஞ்சள் கண் எதுவும் வரவில்லை.

பெரியவள் கதை அதற்கு முன்பே ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நான் ஊருக்குப் போய் வந்த அந்த வாரத்திலேயே, தன்னினைவு இல்லாத நிலையில் அவளுக்கு வலி வந்துவிட்டது. நினைவு மங்கிக் கிடந்த உடம்பு, யாரும் சொல்லித் தராமல் தன் வேலையைத் தானே செய்தது. மகப்பேற்று மருத்துவர் ரத்தப்போக்குக்குப் பயந்து பாட்டில்களை அடுக்கி வைத்துக் காத்திருந்தார். பெண் குழந்தை. குறைமாதம், கோழிக்குஞ்சு கனம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பெற்றவளுக்குத் தான் பெற்றதே தெரியாது. அப்படியே கிடந்தாள். அம்மாக்காரி இரண்டு இடத்துக்கும் மாறி மாறி நடந்தாள்.

பிறகு ஒரு காலையில், தட்டைக் கழுவிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு ஆள் வந்தது. ஓடினேன். பெரியவள் கண்ணைத் திறந்திருந்தாள். கண் இன்னும் மஞ்சள்தான். அந்தக் கண் அம்மாவின் மேல் நின்றது.

“எம்மா” என்றாள். மாமி என்று சொல்லவில்லை. “தண்ணி.”

அம்மாக்காரி பிளாஸ்கைத் திறந்து கொதிநீரைத் தம்ளரில் ஊற்றினாள். பக்கத்துக் கட்டில்காரி தன் பானையிலிருந்து குளிர்ந்த தண்ணீரை மொண்டு, “கொஞ்சம் விளாவிக் குடுங்கக்கா, புள்ளைக்கு நாக்கு வறண்டு போயிருக்குல்லா” என்று நீட்டினாள். அம்மாக்காரி அவள் பக்கம் திரும்பவே இல்லை. இரண்டு தம்ளரையும் தூக்கி ஆற்றத் தொடங்கினாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. ஒரு சொட்டு சிந்தவில்லை.

பெரியவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வளையல் போட்ட கை வயிற்றுக்குப் போனது. வயிறு இல்லை. கண் அகன்றது.

“எம்மா… எம் பிள்ள?”

“இருக்கா, ஏளா. ஒம் மக இருக்கா. அங்கன கண்ணாடிப் பெட்டிக்குள்ள காலை ஒதச்சிட்டுக் கெடக்கா” என்றாள் அம்மா, ஆற்றுவதை நிறுத்தாமல். “மொதல்ல இதக் குடி. ஆறட்டும், இரு.”

தண்ணீர் ஆறியது. அம்மா தம்ளரை நீட்டினாள். வாங்குவதற்காகப் பெரியவள் வலது கையை நீட்டினாள்.

கண்ணைப் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிட்டு, நான் அவள் மணிக்கட்டைத்தான் பார்த்தேன். கை நீண்டபோது வளையல்கள் ஒரு முறை கிணுங்கின. உள்ளங்கை விரிந்து தம்ளருக்காகக் காத்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். அதன் பிறகு வளையல்களிடமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.